குளிர் ஊர் என்று சம்பலை நம்பாதீங்க
வடைக் கடைச் சுத்தம் பற்றிய கட்டுரையில் கையுறை, தொப்பி போடச் சொன்னது சரிதான். ஆனால் நுவரெலியா, அட்டன் பக்கத்து வடைக் கடைகளில் பெரிய ஆபத்து தட்டு கழுவும் வாளித் தண்ணீரும் தேங்காய்ச் சம்பலும். "இங்க குளிர்தானே, பழுதாகாது" என்பது பிழை. 5 பாகை செல்சியஸுக்கும் 60க்கும் இடையில் கிருமி பெருகும். நம்ம ஊர்ப் பகல் வெயிலே 20 பாகை வரும். சம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து 2 மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். மிச்சத்தைப் புதுசோடு கலக்கவே வேண்டாம், புதுசும் கெட்டுவிடும். கையுறை போட்டாலும் அதே கையால் காசு வாங்கினால் பயனில்லை. வடைக்கு இடுக்கி வையுங்கள். தட்டுகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி அலசிய பிறகு, 5 லீட்டர் தண்ணீரில் 5 வீத வாசனையற்ற ப்ளீச் 10 மில்லிலீட்டர் கலந்து 2 நிமிடம் அமிழ்த்துங்கள். துணியால் துடைக்காமல் காற்றில் காயட்டும். எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சியிருந்தால் ப்ளீச்சில் உள்ள குளோரின் சரியாக வேலை செய்யாது.