ரெண்டு பக்கமும் ஆட விடுங்கள்

ஆன்லைன் டீம் கேமில் ஒரு அணி தோற்றால் உடனே வருகிற பேச்சு, "எய்ம் பத்தல", "அவன் ஒழுங்கா ஆடல". மேப்பைப் பற்றி, அதாவது ஆட்டம் நடக்கிற களத்தைப் பற்றி, யாரும் வாயே திறப்பதில்லை. யார் முதலில் போய்ச் சேருவார்கள், யார் மேலே நிற்பார்கள், யார் ஒற்றை வழியில் மாட்டிக்கொள்வார்கள் என்பதையெல்லாம் மேப் போட்டவர்கள் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். மிச்சம்தான் நம் கையில்.

இதை இப்போது எழுதக் காரணம், சமீபத்தில் கிருஷ்ணகிரியில் பார்த்த ஒரு வாலரண்ட் போட்டி. அது துப்பாக்கிச் சண்டை கேம்: ஒரு அணி குண்டு வைக்கப் பார்க்கும் (அட்டாக்), இன்னொன்று தடுக்கும் (டிஃபென்ஸ்), பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவார்கள். நேரம் இல்லை என்று சொல்லி ஒரே பாதியோடு ஆட்டத்தை முடித்தார்கள். டாஸ் ஜெயித்த அணி டிஃபென்ஸ் எடுத்தது. மேப்பின் பேர் ஸ்ப்ளிட். குண்டு வைக்கிற இரண்டு ஸைட்டிலும் டிஃபென்ஸ் ஆட்கள் உயரத்தில் நின்று சுடலாம். மிட் என்கிற நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சட்டென்று போய் உதவலாம். தாக்குகிறவனுக்கு எல்லாமே குறுகலான வாசல்கள். வெளியான நாளிலிருந்தே அது டிஃபென்ஸ் மேப் என்று பேர் வாங்கியது. 2022-ல் அதை ஆட்டத்திலிருந்து எடுத்து, சில இடங்களைத் திருத்தி, 2023 ஜனவரியில்தான் திரும்ப விட்டார்கள். அந்த மேப்பில் ஒரு பாதி மட்டும் அட்டாக் ஆடிவிட்டு வெளியேறிய தருமபுரி பையன்களிடம் "இன்னும் பிராக்டிஸ் பண்ணுங்க தம்பி" என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

உயரம் என்ன செய்யும் என்பதை, கோட்டை இருக்கிற சையத் பாஷா மலையைத் தினமும் பார்க்கிற கிருஷ்ணகிரி ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை கீழே இருந்த பேட்டையைப் பிடித்துவிட்டது. மலை மேலிருந்த கோட்டையை மட்டும் பிடிக்க முடியவில்லை. மேலே இருந்த திப்புவின் ஆட்கள் பாறைகளை உருட்டிவிட்டே விரட்டினார்கள். ஏறி வந்த சிப்பாய்களுக்குத் திறமை போதவில்லை என்று யாராவது சொல்வோமா?

ஒரு சின்ன இடைவெளி போதும், ஆட்டமே சாயும். இதே மாதிரி இன்னொரு துப்பாக்கி கேமான கவுன்டர் ஸ்ட்ரைக்கின் டஸ்ட் 2 மேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-லிருந்து ஆடுகிற மேப். முன்பெல்லாம் டெரரிஸ்ட் பக்கம், அதாவது தாக்குகிற அணி, ஆட்டம் தொடங்குகிற இடத்திலேயே நின்றபடி, கீழே தெரிகிற மிட் கதவுகளின் இடுக்கில் ஸ்னைப்பரை வைத்துக் காத்திருப்பார்கள். எதிரணி ஆள் பி ஸைட்டுக்குப் போக அந்த இடுக்கைத் தாண்டித்தான் ஓட வேண்டும். குறி பட்டால் ரவுண்டு தொடங்கிய சில நொடிகளிலேயே ஐந்துக்கு நான்கு. படாவிட்டாலும் எத்தனை பேர் பி பக்கம் போகிறார்கள் என்று எண்ணிக்கொள்ளலாம். இருபது வருஷம் கழித்து 2021-ல்தான் அந்தப் பார்வையை மறைத்தார்கள்.  மேப்பில் மறைத்தது ஒரே ஒரு பார்வைக் கோட்டைத்தான்.

இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி இருந்தால் சீக்கிரம் சலித்துவிடும். சாய்வு இருக்கட்டும், ஆனால் அந்தச் சாய்வு இரண்டு அணிக்கும் கிடைக்க வேண்டும். பாதியில் பக்கம் மாறுவது அதற்குத்தான். நம்மூர்க் கபடியில் களம் இரண்டு பக்கமும் ஒரே அளவு, அப்படியும் பாதியில் பக்கம் மாறுகிறோமே.

ஆட்டத்தின் நடுவில் பக்கமே மாற முடியாத கேம்களில் நிலைமை இன்னும் மோசம். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் அலையன்ஸ், ஹோர்ட் என்று இரண்டு கூட்டம். பெரும்பாலும் கேரக்டர் உருவாக்கும்போதே ஒன்றில் சேர்ந்துவிட வேண்டும். அதில் ஆல்டெராக் வேலி என்று 40-க்கு 40 ஆடுகிற சண்டைக்களம் 2005-லிருந்து இருக்கிறது. ஹோர்ட் ஆட்கள் அலையன்ஸ் தளத்துக்குள் போக ஒரு குறுகலான பாலத்தைத் தாண்ட வேண்டும். அந்தப் பாலத்தைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. "இந்த மேப் நமக்கு ஆகாது" என்ற நினைப்பு வந்துவிட்டால் ஆட்கள் தற்காப்புக்கே வருவதில்லை, பாதியில் கிளம்பிவிடுகிறார்கள், நன்றாக ஆடுகிறவர்கள் காசு கட்டிக்கூட எதிர்க்கூட்டத்துக்குத் தாவுகிறார்கள். மேப்பில் இருந்த சின்னச் சாய்வு ஆட்களின் கணக்கில் பெரிதாகிவிடுகிறது. அப்புறம் பாலத்தை அகலப்படுத்தினாலும் போனவர்கள் திரும்பி வரப்போவதில்லை. 2015-ல் எதிர்ப்பக்கத்துக்காகக் கூலிப்படையாக ஆடலாம் என்று ஒரு வசதி கொண்டுவந்தார்கள். காத்திருக்கும் நேரம் குறைந்தது சரி, மேப் அதே மேப்தானே.

கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் பக்கம் போட்டி நடத்துகிற நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். நேரம் இல்லையென்றால் ரவுண்டைக் குறையுங்கள், பக்கத்தைக் குறைக்காதீர்கள். இந்தப் பக்கம் 6 ரவுண்டு, அந்தப் பக்கம் 6 ரவுண்டு என்று வைத்தாலும் ஒரு பாதி ஆட்டத்தின் நேரம்தான் ஆகும். சமமாக வந்தால் ஆளுக்கு ஒரு ரவுண்டு பக்கம் மாற்றிக் கொடுங்கள். டாஸ் ஜெயித்தவர் மேப்பைத் தேர்ந்தெடுத்தால், முதலில் எந்தப் பக்கம் ஆடுவது என்பதைத் தோற்றவர் சொல்லட்டும். அட்டவணை போடும்போதே இதை எழுதி ஒட்டிவிட்டால் கடைசி நேரத்தில் யாரும் மாற்ற முடியாது.