பிட்லாக்கர் கேட்பது ஒரே ஒரு முறைதான்
தம்பி, ‘ஹார்ட் டிஸ்க்குக்குப் பிட்லாக்கர் போட்டாச்சு, இனி வீட்டு வைஃபையில் யார் திறந்தாலும் பாஸ்வேர்டு கேட்கும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்காது. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் விண்டோஸ் வசதி. டிஸ்க்கைச் செருகிய கணினியில் ஒருமுறை பூட்டைத் திறந்துவிட்டால், வைஃபையில் பகிர்ந்த கோப்புகள் மற்றவர்களுக்குச் சாதாரணக் கோப்புகளாகத்தான் போகும். சுங்கை சிப்புட் தோட்டத்து வீட்டில் நானும் அப்படி நம்பி, பகிர்ந்த கோப்புகளுக்குப் பாஸ்வேர்டு கேட்கும் விண்டோஸின் ‘பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்’ வசதியை அணைத்து வைத்திருந்தேன். அக்கா மகன் திண்ணையில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் என் ஈபிஎப் (சேமநிதி) அறிக்கையைத் திறந்து காட்டினான்!

யார் பார்க்கலாம் என்பதை பகிர்ந்த ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸில் ஷேரிங், செக்யூரிட்டி இரண்டிலும் உள்ள அனுமதிதான் முடிவுசெய்யும். அங்கே ‘எவ்ரிவன்’ (எல்லாருக்கும்) இருந்தால் எடுத்துவிட்டு, ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். பிட்லாக்கர் உதவுவது டிஸ்க் திருடுபோனால். அப்புறம், கரண்ட் போய்க் கணினி மறுபடி எழுந்தால் டிஸ்க் பூட்டியே கிடக்கும். பூட்டைத் தானாகத் திறக்கும் ஆட்டோ அன்லாக் போடாவிட்டால் நீங்கள் வந்து திறக்கும்வரை யாருக்கும் கிடைக்காது.