மனச்சாட்சிக்கு விட்டுவிட்டார்கள்

சிரியா மீது குண்டு வீசலாம் என்று, தன் கட்சித் தலைவரை எதிர்த்தே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசிய ஹிலாரி பென்னின் அந்தப் பழைய வீடியோவை நண்பர் ஒருவர் மறுபடியும் பகிர்ந்திருக்கிறார். 'எதிர்க்கட்சி என்றால் இப்படி இருக்க வேண்டும்' என்று மேலே ஒரு வரி. வருடத்துக்கு ஒரு தடவையாவது அது என் கண்ணில் பட்டுவிடுகிறது. இந்த முறை பின்னூட்டத்தில் பதில் எழுத ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனதால் இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

2015 டிசம்பர் 2. சென்னைக்காரர்களுக்கு அந்தத் தேதி வேறு காரணத்தால் மறக்காது. அடையாறு ஊருக்குள் புகுந்திருந்த நாள். எங்கள் தெருவில் மின்சாரமும் இல்லை, இணையமும் இல்லை. லண்டனில் யார் என்ன பேசினார்கள் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. ஒரு வாரம் கழித்து, வீட்டுச் சேற்றை வழித்துப் போட்டு முடித்த பிறகுதான் அந்தப் பேச்சைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கும் புல்லரித்தது என்பதை ஒளிக்கப் போவதில்லை.

விஷயம் இதுதான். ஈராக்கில் ஐ.எஸ். அமைப்பின் மீது பிரிட்டன் 2014 செப்டம்பரிலிருந்தே குண்டு வீசிக்கொண்டிருந்தது. 2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். எல்லையைத் தாண்டி சிரியாவிலும் குண்டு வீச வேண்டும் என்று பிரதமர் டேவிட் கேமரன் தீர்மானம் கொண்டுவந்தார். பத்து மணி நேரத்துக்கு மேல் விவாதம். பிரிட்டிஷ் கீழவையான காமன்ஸ் சபையின் நடுவே மேசைமீது ஒரு மரப்பெட்டி இருக்கும். முன்வரிசைக்காரர்கள், அதாவது அமைச்சர்களும் எதிர்க்கட்சியின் பொறுப்பாளர்களும், அதன்மேல் தாளை வைத்துக்கொண்டு பேசுவார்கள். பகலில் அந்தப் பெட்டியின் முன் நின்று எதிர்க்கட்சியான தொழிலாளர் கட்சியின் தலைவர் ஜெரமி கோர்பின் 'கூடாது' என்றார். இரவு பத்து மணி நெருங்கும்போது அதே பெட்டியின் முன் நின்று, அதே கட்சியின் நிழல் வெளியுறவு அமைச்சர், அதாவது எதிர்க்கட்சியில் அந்தத் துறையைக் கவனிப்பவர், ஹிலாரி பென் 'வேண்டும்' என்றார். தலைவர் பக்கத்திலேயே முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீடியோவை இன்னொரு முறை பார்ப்பவர்கள் பென்னை விட்டுவிட்டு அந்த முகத்தைப் பாருங்கள்.

பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்த பேச்சு. அதற்கு முந்தைய இரவு, தன்னை எதிர்ப்பவர்களை 'பயங்கரவாத அனுதாபிகள்' என்று கேமரன் தன் கட்சிக் கூட்டத்தில் சொல்லியிருந்தார். மன்னிப்புக் கேளுங்கள் என்று விவாதத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து கேட்டும் அவர் கேட்கவில்லை. பென் முதலில் தன் தலைவர் அப்படிப்பட்டவர் அல்ல என்று சொல்லிக் கணக்கைத் தீர்த்தார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். நம் எதிரே நிற்பவர்கள் பாசிஸ்டுகள், பாசிஸ்டுகள் தோற்கடிக்கப்பட வேண்டியவர்கள் என்றார். 1930களில் ராணுவத் தளபதி பிராங்கோவை எதிர்த்து ஸ்பெயினுக்குப் போன சோஷலிஸ்டுகளையும் தொழிற்சங்கத்தினரையும் நினைவூட்டினார். அந்தச் சபையில் கைதட்டுவது மரபல்ல. அன்று தட்டினார்கள், ஆளும் தரப்பிலும் சேர்த்து. 2003 மார்ச் 17 அன்று ஈராக் போரை எதிர்த்துப் பதவி விலகிய, அப்போது ஆட்சியில் இருந்த தொழிலாளர் கட்சியின் அமைச்சர் ராபின் குக்குக்கும் அதே சபையில் கைதட்டல் கிடைத்தது. அந்த வீடியோவை என் நண்பர்கள் யாரும் இதுவரை பகிர்ந்து நான் பார்த்ததில்லை.

சரி, எப்படி ஒரே கட்சி இரண்டு வாயால் பேசியது? கோர்பின் கொறடா உத்தரவு போடவில்லை. அவரவர் விருப்பப்படி வாக்களிக்கலாம் என்று விட்டுவிட்டார். நமக்குக் கொறடா என்றாலே கட்சித் தாவல் தடைச் சட்டம்தான் நினைவுக்கு வரும். மீறினால் பதவியே போகும். அங்கே அப்படி இல்லை. கொறடா அனுப்பும் வாராந்தரத் தாளில் முக்கியமான வாக்கெடுப்பின் கீழ் மூன்று கோடு போட்டிருப்பார்கள். மூன்று கோட்டை மீறினால் முன்வரிசைப் பொறுப்பு போகலாம், எம்.பி. பதவி போகாது. கோர்பினே பல வருடம் அந்தக் கோடுகளை மிதித்துத் தாண்டியவர்தான். 2003இல் ஈராக், 2011இல் லிபியா, 2014இல் மறுபடியும் ஈராக், எல்லாவற்றிலும் கட்சித் தலைமைக்கு எதிராக வாக்களித்தவர். அப்படிப்பட்டவர் எந்த முகத்தோடு மற்றவர்களுக்குக் கோடு போடுவார் என்று அப்போது கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் நியாயம் இருந்தது.

அவர் தலைவராகி மூன்று மாதம்கூட ஆகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலைவர் தேர்தலில் நிற்கவே 35 எம்.பி.க்களின் கையெழுத்து தேவை. அவருக்குக் கிடைத்தது 36. அதிலும் சிலர், விவாதத்தில் எல்லாத் தரப்பும் இருக்கட்டுமே என்று இரக்கப்பட்டுப் போட்டது. ஆனால் வாக்களித்தவர்களில் 59.5 சதவீதம் பேர் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்சி ஒருவரை விரும்பியது, கட்சியின் எம்.பி.க்கள் அவரை விரும்பவில்லை. சிரியா வந்து அந்த விரிசலில் விழுந்தது. கட்சி உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டு மின்னஞ்சல் போனது. ஒரு லட்சத்துக்கும் மேல் பதில். அவற்றில் ஒரு பகுதியை எடுத்துப் பார்த்ததில் 75 சதவீதம் பேர் தாக்குதலை எதிர்த்தார்கள். நிழல் அமைச்சரவையிலோ பலர் மறுபக்கம். துணைத் தலைவர் டாம் வாட்சனும் மறுபக்கம்தான். உத்தரவு போட்டிருந்தால் அந்த வாரமே நிழல் அமைச்சரவை காலியாகியிருக்கும் என்று சொல்வார்கள். நம்புகிறேன்.

போருக்கு எதிர்ப்பு என்ற விஷயத்தில் நான் கோர்பின் பக்கம். களத்தில் 70,000 மிதவாதப் போராளிகள் இருக்கிறார்கள், நாம் மேலிருந்து குண்டு போட்டால் அவர்கள் கீழே நிலத்தைப் பிடிப்பார்கள் என்று கேமரன் சொன்ன கணக்கை அவர் கட்சிக்காரர்களே முழுதாக நம்பவில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் கோர்பின் மீதுதான். பென் தான் நம்பியதைச் சொன்னார். கோர்பின் தான் நம்பியதைக் கட்சியின் முடிவாக ஆக்க முயலவே இல்லை.

தேதிகளைப் பாருங்கள். தெளிவான பெரும்பான்மை கிடைக்கும் என்று தெரிந்தால்தான் வாக்கெடுப்பு நடத்துவேன் என்று கேமரன் சொல்லிவைத்திருந்தார். நவம்பர் 30, திங்கள்கிழமை, கோர்பின் உத்தரவு இல்லை என்று அறிவித்தார். அன்று மாலையே கேமரன் புதன்கிழமை வாக்கெடுப்பு என்றார். பூட்டு திறந்திருக்கிறது என்று வீட்டுக்காரரே வாசலில் நின்று கூவினால் வேறென்ன நடக்கும்?

இந்த இடத்தில் நானே எனக்கு எதிராக ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. முடிவு 397-க்கு 223. ஆதரித்த தொழிலாளர் கட்சியினர் 66 பேர். அத்தனை பேரும் மறுபக்கம் போயிருந்தால் 331-க்கு 289. அப்போதும் தீர்மானம் நிறைவேறியிருக்கும். வாக்கெடுப்பு வந்தபின் கட்சி ஒன்றாக நின்று குண்டைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல முடியாது. வாக்கெடுப்பே வந்திருக்காது என்று சொல்லலாம், அது ஊகம். 2013 ஆகஸ்ட் 29 அன்று நடந்தது மட்டும் ஊகமில்லை. அதே சிரியா, அதே கேமரன். ரசாயன ஆயுதத் தாக்குதலுக்குப் பதிலடியாகப் படையைப் பயன்படுத்தக் கேட்டார். எட் மிலிபாண்ட் தலைமையில் எதிர்க்கட்சி எதிர்த்தது, ஆளுங்கட்சியில் 30 பேர் சேர்ந்துகொண்டார்கள், 285-க்கு 272 என்று அரசு தோற்றது. கேமரன் அங்கேயே எழுந்து, புரிந்துகொண்டேன், அதன்படி நடப்பேன் என்றார்.

பென் 1930களை இழுத்ததால் நானும் அங்கே போகிறேன். ஸ்பெயினுக்குப் போனவர்கள் தங்கள் காலால் நடந்து, தங்கள் கையில் துப்பாக்கி பிடித்தவர்கள். அவர்கள் போனது பிரிட்டிஷ் அரசின் தலையிடாமைக் கொள்கையை மீறி. தொழிலாளர் கட்சியின் 1936 எடின்பரோ மாநாடு அந்தத் தலையிடாமையைத்தான் முதலில் ஏற்றது. பென்னின் பேச்சில் இதற்கு இடமில்லை. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1935 அக்டோபரில், பிரைட்டன் மாநாடு. இத்தாலியின் முசோலினி அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீது பாயும் நேரம். கட்சித் தலைவர் ஜார்ஜ் லான்ஸ்பரிக்கு 76 வயது. எந்தப் போரும் பாவம் என்று நம்பிய கிறித்தவர். கட்சியில் அவரை நேசிக்காதவர் குறைவு. அந்தக் கிழவரை மேடையில் வைத்துக்கொண்டே, உங்கள் மனச்சாட்சியை ஒவ்வொரு கூட்டத்துக்கும் தூக்கிக்கொண்டு போய் 'இதை என்ன செய்யட்டும்' என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று தொழிற்சங்கத் தலைவர் எர்னஸ்ட் பெவின் கிழித்தார். இத்தாலி மீதான தடைகளுக்கு ஆதரவாக 21 லட்சம் வாக்கு, எதிராக 1 லட்சம். சில நாளில் லான்ஸ்பரி பதவியை விட்டார்.

படிக்கும்போது லான்ஸ்பரிக்காக மனம் வலிக்கிறது. பெவின் பேசியது கொடூரம். ஆனால் அன்று மாலை பிரைட்டனை விட்டு வெளியே வந்த எவருக்கும் கட்சி எங்கே நிற்கிறது என்பதில் சந்தேகம் இருந்திருக்காது. 2015 டிசம்பர் 2 இரவு தொழிலாளர் கட்சி எங்கே நின்றது? யாராவது சொல்லுங்கள்.

ஒற்றுமைதான் மருந்து என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011இல் லிபியா மீதான தலையீட்டுக்கு 557 பேர் ஆதரவு, 13 பேர் எதிர்ப்பு. எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் கைகோத்துப் போயின. அந்த நாடு பிறகு என்ன ஆனது என்று பார்த்தோம். தவறான முடிவுதான். ஆனால் அது ஒரு முடிவு. 'நீங்கள்தானே கையைத் தூக்கினீர்கள்' என்று பிடித்துக் கேட்க ஒரு ஆள் உண்டு. ஈராக்குக்கும் ஆள் இருந்தது. 2016 ஜூலை 6 அன்று ஈராக் போரைப் பற்றி விசாரித்த சில்காட் அறிக்கை வெளிவந்தபோது, அந்தப் போரை எதிர்த்து வாக்களித்த கோர்பினே கட்சியின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். கட்சி செய்தது என்பதால் கேட்க முடிந்தது. சிரியாவுக்கு யார் கேட்பது? நல்லதே நடந்தது என்று வைத்துக்கொண்டாலும் யார் பெருமைப்படுவது? 66 பேர் ஒரு கதவு வழியாகப் போனார்கள், மற்றவர்கள் இன்னொரு கதவு வழியாகப் போனார்கள், கட்சி நடுவில் நின்று வேடிக்கை பார்த்தது.

கருக்கலைப்பு, மரண தண்டனை போன்றவற்றை அவரவர் மனச்சாட்சிக்கு விடுவது அந்த நாட்டு வழக்கம். எனக்கு அதில் சண்டை இல்லை. போர் அந்த வகையில் சேராது. நாளைக்கு ஆட்சிக்கு வந்தால் விமானப்படையின் சாவி இவர்கள் கையில்தான் இருக்கும். அன்றைக்கும் ஆளுக்கொரு பக்கம் போவார்களா?

ஹிலாரி பென்னின் தந்தை டோனி பென்னைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 1998 பிப்ரவரியில், ஈராக் மீது குண்டு வீசுவது பற்றிய விவாதத்தில், ஆட்சியில் இருந்த தன் சொந்தக் கட்சியை எதிர்த்து அதே சபையில் பேசினார். 1940இல் லண்டன் மீது குண்டு விழுந்தபோது அங்கே இருந்தவர். அரபுகளுக்குப் பயம் கிடையாதா, பிள்ளை செத்தால் ஈராக்கியப் பெண் அழமாட்டாளா என்று கேட்டார். மகனோ 'நான் ஒரு பென், ஆனால் பென்னிய ஆள் இல்லை' என்று, அதாவது அப்பாவின் அரசியல் வழியில் போகிறவன் இல்லை என்று, சொன்னவர். 2003இல் ஈராக் போருக்கும் ஆதரவாகவே வாக்களித்தார். அதனால் 2015இல் அவர் மாறிவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. டோனி பென் 2014 மார்ச்சில் இறந்துவிட்டார். அந்த இரவை அவர் பார்க்கவில்லை. 2016 ஜூனில் மகனைக் கோர்பின் பொறுப்பிலிருந்து நீக்கினார். அடுத்தடுத்த நாட்களில் நிழல் அமைச்சரவையே கலைந்தது. ஏழு மாதம் முன்பு எதற்குப் பயந்தாரோ அது எப்படியும் வந்தது.

பதிவைப் போடுவதற்கு முன்னால் நண்பருக்கு ஒரு கேள்வி அனுப்பினேன். அந்த வாக்கெடுப்பு முடிந்த சில மணி நேரத்தில் சைப்ரஸின் அக்ரோதிரி தளத்திலிருந்து டொர்னாடோ விமானங்கள் கிளம்பின. முதல் குண்டு எங்கே விழுந்தது என்று நினைவிருக்கிறதா? கிழக்கு சிரியாவில், ஒமர் எண்ணெய் வயல். அவர் பேச்சு முழுதும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்திருக்கிறது.