‘45 நாளில் சிக்ஸ் பேக்’ போர்டைக் கழற்றுங்கள்

சேலத்தில் ஜிம் நடத்தும் நண்பர்களிடம் வெளிப்படையாகவே கேட்கிறேன். கல்லூரி திறக்கிற சமயம் வந்தாலே ‘45 நாளில் சிக்ஸ் பேக்’ என்று ஃப்ளெக்ஸ் கட்டுகிறீர்களே, அதைக் கழற்றிவிடுங்கள். நானும் இதே தொழிலில் பயிற்சியாளராக இருப்பவன்தான். அந்த ஃப்ளெக்ஸை நம்பிப் பணம் கட்டுகிறவர்களில் பாதிப் பேர் வெள்ளிப்பட்டறையிலும் தறியிலும் உழைக்கிற வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு நாம் கொடுக்கிற வாக்கு கணக்குப் போட்டுப் பார்த்தாலே நிற்காது.

போட்டுத்தான் பார்ப்போமே. பையனுக்கு எடை 70 கிலோ, உடலில் கொழுப்பு 22 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் கட்டங்கள் தெளிவாகத் தெரிய ஆண்களுக்கு அது ஏறக்குறைய 10 முதல் 12 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். 12 என்றே எடுப்போம். தசை துளியும் குறையாமல் இறங்கினாலும் அவன் 62 கிலோவுக்கு வந்தாக வேண்டும். அதாவது 8 கிலோ கொழுப்பு போக வேண்டும். கிலோவுக்கு 7,700 கலோரி என்றால் 61,600 கலோரி. 45 நாளில் முடிக்க தினமும் 1,370 கலோரி குறைக்க வேண்டும். அவன் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிப்பதே 2,300 கலோரி பக்கம்தான். மீதி 900 சொச்சம் கலோரியை வைத்துக்கொண்டு அவன் கல்லூரிக்கும் போய், சாயங்காலம் வெயிட்டும் தூக்க வேண்டுமா? அப்படிப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் போகும். தினம் 500 கலோரி குறைத்தால் நான்கு மாதம் ஆகும். சேர வருகிறவனிடம் சொல்ல வேண்டிய கெடு அதுதான்.

அப்புறம் இந்த சிட்-அப் விவகாரம். சேர்ந்த முதல் நாளே தரையில் படுக்க வைத்து, எண்ணிக்கை ஏற ஏறத் தொப்பை கரையும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 1984-இல் வெளியான ஆய்வு அது. 27 நாளில் ஒவ்வொருவரும் 5,004 சிட்-அப் எடுத்தார்கள். வயிறு, முதுகு, பிட்டம் என்று மூன்று இடத்திலிருந்தும் கொழுப்பைத் துளியூண்டு எடுத்து, கொழுப்பு அணுக்களை அளந்தார்கள். வயிற்றில் தனியாக எதுவும் கூடுதலாகக் குறையவில்லை. எந்த இடத்துக் கொழுப்பு முதலில் போக வேண்டும் என்பதை உடம்புதான் முடிவு செய்கிறது. ஆண்களில் பெரும்பாலானோருக்கு அடிவயிறு கடைசியில்தான் காலியாகும். மூக்கனேரிக் கரையில் நடந்தாலும் சரி, 20 கொண்டை ஊசி வளைவையும் சைக்கிளில் மிதித்து ஏற்காடு ஏறினாலும் சரி, மொத்தக் கொழுப்பு குறையும்போது வயிறும் சேர்ந்துதான் குறையும்.

அதற்காக வயிற்றுப் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் ஒரு தசைதான். நெஞ்சுக்கும் தோளுக்கும் எடையை ஏற்றிக்கொண்டே போகிற நாம், வயிற்றுக்கு மட்டும் நூறு, இருநூறு என்று எண்ணிக்கையை ஏற்றுகிறோம். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒரு செட்டுக்கு 8 முதல் 15 தடவை, மூச்சு முட்டுகிற எடையில் கேபிள் கிரஞ்ச் (மண்டியிட்டு, எடை மாட்டிய கயிற்றைத் தலைப் பக்கம் பிடித்துக்கொண்டு வயிற்றைச் சுருட்டுவது) செய்தால் போதும். கையால் இழுக்காமல், விலா எலும்பு இடுப்பை நோக்கிச் சுருள வேண்டும். கம்பியில் தொங்கி லெக் ரெய்ஸ் செய்யும்போது பலரும் கால் மேலே வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். காலைத் தூக்குவது தொடையையும் இடுப்பையும் இணைக்கிற தசைகள். இடுப்பையே முன்பக்கம் சுருட்டி மேலே கொண்டுவரும்போதுதான் வயிற்றுத் தசை முழுதாக வேலை செய்யும். எட்டு தடவை அப்படிச் சுத்தமாகச் செய்கிற பையனை நான் பாராட்டுவேன். ஆடி ஆடி முப்பது எடுக்கிறவனை நிறுத்தச் சொல்லிவிடுவேன். சக்கரத்தைத் தரையில் உருட்டிச் செய்கிற ரோலரும், முழங்கையை ஊன்றி உடம்பை நேராக நிறுத்துகிற பிளாங்க்கும் நல்லவைதான், கீழ் முதுகு குழியாமல் பார்த்துக்கொண்டால்.

போனில் ஏதோ ஒரு நடிகரின் படத்தைக் காட்டி, ‘அண்ணா, எனக்கு இதே மாதிரி ஆறு கட்டம் வேணும்’ என்று கேட்கிற தம்பிகளுக்கு ஒன்று. நடுவயிற்றுத் தசையைக் குறுக்கே பிரிக்கிற தசைநார்க் கோடுகள் பிறவியிலேயே அமைந்தவை. சிலருக்கு நான்கு, சிலருக்கு எட்டு, சிலருக்கு இடமும் வலமும் ஏறுக்குமாறாக இருக்கும். எந்தப் பயிற்சியும் அதை மாற்றாது. பெண்களுக்குக் கணக்கே வேறு. அவர்கள் உடலுக்குக் கொழுப்பு கூடுதலாகத் தேவை. கட்டம் தெரிய வேண்டும் என்று சாப்பாட்டை அளவுக்கு மீறிக் குறைத்து மாதவிடாய் நின்றுபோனால், அதை உடம்பு தருகிற எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. காலையில் இட்லி, மதியம் சோறு குழம்பு, சாயங்காலம் தட்டுவடை செட், இரவு தோசையோ பரோட்டாவோ. சுவையில் குறையே சொல்ல முடியாது, நானும் தட்டுவடை செட் கடையைத் தாண்டிப் போவதில்லை. ஆனால் எடை குறைக்கும்போது தசையைக் காப்பாற்ற, கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வேண்டும். 70 கிலோ பையனுக்கு 112 கிராம். மேலே சொன்ன சாப்பாட்டில் அதில் பாதியைத் தாண்டுவதே கஷ்டம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம் அளவுக்கு, வேகவைக்காத சோயா உருண்டை (மீல் மேக்கர்) 100 கிராமில் 50 கிராம், வெந்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30 கிராம். நம் ஊரே தயாரித்து நாடெங்கும் அனுப்புகிற ஜவ்வரிசியில் மட்டும் புரதம் கிட்டத்தட்ட இல்லை; அது முழுக்க மாவுச்சத்து. எடை குறைகிறது என்று ஜவ்வரிசிக் கஞ்சியோடு ராத்திரியை முடித்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

தூக்கத்தை யாரும் பேசுவதே இல்லை. 2010-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், ஒரே அளவு குறைவான சாப்பாட்டில் ஒரு முறை எட்டரை மணி நேரமும் இன்னொரு முறை ஐந்தரை மணி நேரமும் படுக்கவிட்டார்கள். எடை இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்தபோது கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. தறியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக ஜிம்முக்கு வருகிற தம்பிகளை நான் முதலில் தூங்கச் சொல்லி அனுப்புவது இதனால்தான்.

இந்தப் பதிவை எழுத வைத்தது வேறு. எனக்குத் தெரிந்த இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு, அவன் போகிற இடத்தில் ‘ஃபேட் கட்டர்’ என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இல்லை என்று என்னிடம் வந்தான். அவனுக்குக் கொடுத்தது என்னவென்று தெரியவில்லை. இப்படிப் புழங்குகிறவற்றில் கிளென்பியூட்டரால் ஒன்று. மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து அது. அமெரிக்காவில் குதிரைகளுக்கு மட்டுமே அனுமதி. உடலில் நீரை வற்றவைக்கிற மாத்திரைகளும் உண்டு. தோலுக்கடியில் கொழுப்பே இல்லாத உடம்புக்காகப் பேசப்பட்ட ஆஸ்திரியாவின் பாடி பில்டர் ஆண்ட்ரியாஸ் முன்சர், 1996 மார்ச்சில், 31 வயதில், உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து இறந்துபோனார். அவர் உலக மேடைகளில் நின்றவர். நம் பையன் காலேஜ் கல்ச்சுரல்ஸ் மேடைக்காக இதை விழுங்க வேண்டுமா?

பெற்றோர்களே, பையன் பையில் லேபிள் இல்லாத மாத்திரையோ பவுடரோ இருந்தால் திட்டாமல் கேளுங்கள். படபடப்போ நடுக்கமோ இருந்தால் அன்றைக்கே ஜி.ஹெச்சுக்குக் கூட்டிப் போங்கள். அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள், அவன் என்ன விழுங்கினான் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.