‘லிட்டில் ரெட்’ நசுக்கப்படவில்லை

“1967 ஷெல்பி ஜிடி500-இன் சோதனை வண்டி ‘லிட்டில் ரெட்’ அப்போதே நசுக்கி அழிக்கப்பட்டது, இனி படத்தில்தான் பார்க்கலாம்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. ஷெல்பி ஜிடி500 என்பது ஃபோர்டின் மஸ்டாங் காரை மாற்றியமைத்து ஷெல்பி நிறுவனம் உருவாக்கிய அமெரிக்க வேகக் கார்.

பல ஆண்டுகள் ரசிகர்களே நம்பிய கதைதான். ஆனால் 2018-இல் வடக்கு டெக்சாஸில் அந்த வண்டி கிடைத்துவிட்டது. திறந்தவெளியில், துருவேறி, இன்ஜின்கூட இல்லாமல் நின்றிருந்தது. பார்க்கவே மனசு கனக்கும். அதுவரை எல்லோரும் ஷெல்பி வரிசை எண்ணை வைத்தே தேடினார்கள். ஃபோர்டு கொடுத்த அடையாள எண்ணைப் பிடித்துத் தேடியபோதுதான் தடம் கிடைத்தது. எவ்வளவு அருமையான வேலை!

சந்தேகம் இருந்தால் பாரெட்-ஜாக்சன் ஏல நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவிப்பைப் பாருங்கள். அந்தப் பழைய செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.