விரலை உள்ளே விடாதீர்கள்

நேற்றிலிருந்து எல்லோரும் பகிரும் அந்தக் காணொளியைப் பற்றித்தான் எழுதுகிறேன். வீனஸ் ஃப்ளைட்ராப் என்ற பூச்சியுண்ணும் செடியின் இலைப்பொறிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு மூடவைத்துச் சிரிக்க வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, “ரசிக்கத் தெரியாதவர்” என்று பதில் வந்தது. உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அந்த அசைவை ரசிப்பதால்தான் சொல்கிறேன், விளையாட்டுக்காக அதை மூடவைக்காதீர்கள்.

பொறியின் இரண்டு மடல்களில் ஒவ்வொன்றின் உட்புறத்திலும் பெரும்பாலும் மூன்று உணர்முடிகள் இருக்கும். ஒரு முடி ஒருமுறை அசைந்தால் இலையில் மின்துடிப்பு பரவுமே தவிர, பொறி மூடாது. ஏறத்தாழ 20 வினாடிகளுக்குள் இன்னொரு தொடுதல் வந்தால்தான் மூடும். விழுந்த துரும்புக்கெல்லாம் ஏமாறாமலிருக்கவே இந்தக் காத்திருப்பு. தசையோ நரம்போ இல்லாத அந்த இலை, செல்களின் நீரழுத்தம் மாறியதும், வெளிப்புறம் வளைந்திருந்த மடல்களை உட்புறமாகப் புரட்டி, வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் மூடிவிடுகிறது. அதன் பிறகும் இரை துடித்து முடிகளை மேலும் சில முறை தொட்டால்தான் செரிமான நொதிகள் சுரக்கும். இல்லையென்றால் பொறி ஏறக்குறைய ஒரு நாளில் திறந்துகொள்ளும். ஒரு பொறியால் சில முறைதான் இப்படி மூடித் திறக்க முடியும் என்பதை அந்தக் காணொளி சொல்லவில்லை.

என் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், நான் உள்ளே சென்ற நேரத்தில், என் செடியின் எல்லாப் பொறிகளையும் தொட்டு மூடிவிட்டு, “செடிதானே” என்றார். பின்னர் அவற்றில் பல கறுத்து உதிர்ந்தன. அந்தச் சொல் இன்னும் மனத்தை உறுத்துகிறது.

காட்டிலும் வீண் தொடுதல் நடக்காதா என்கிறீர்கள். நடக்கும், அதைத் தவிர்க்கத்தான் இரண்டாவது தொடுதலுக்காக அது காத்திருக்கிறது, அந்தக் காவலையும் உங்கள் விரல் தாண்டிவிடுகிறது. செடிக்கு வலிக்காது என்கிறீர்கள். வலிக்கும் என்று நான் எங்கே சொன்னேன்? வீணாகும் ஆற்றலைப் பற்றித்தான் பேசுகிறேன். குழந்தைகள் அறிவியல் கற்க வேண்டாமா என்போருக்குச் சொல்கிறேன்: மூடுவதை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்தால் அவர்கள் பாதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நீருக்கடியில் யூட்ரிகுலேரியா என்ற இன்னொரு பூச்சியுண்ணும் செடியின் பை ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்தில் இரையை உறிஞ்சுகிறது. அதேபோன்ற ட்ரோசீரா செடியின் பசைமுடிகள் பொறுமையாக வளைந்து பூச்சியைச் சூழ்கின்றன. இவற்றைப் பற்றி நான் எழுதியபோது படிக்க ஆளில்லை. விரலைக் கவ்வினால்தான் செடி உயிருள்ளதாகத் தெரிகிறதா உங்களுக்கு?

பொறி மூடுவதைக் காட்டத்தான் வேண்டுமென்றால், அதற்குள் அடங்கும் அளவில் ஓர் உயிருள்ள பூச்சியை விட்டு, மடல்கள் இறுகுவதிலிருந்து மீண்டும் திறப்பது வரை பல நாள்கள் பொறுத்திருந்து படமெடுத்துப் போடுங்கள். நானே முதலில் பகிர்கிறேன்.