'எச். பைலோரி பாசிட்டிவ்' சரி, எந்த எச். பைலோரி?

எச். பைலோரி என்பது இரைப்பையில் வாழும், அல்சரும் சிலருக்குக் கேன்சரும் வரக் காரணமாகும் பாக்டீரியா. எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் 'எச். பைலோரி பாசிட்டிவ்' என்று பார்த்ததும், ஒருவர் கேன்சர் பயத்தில் தூக்கம் தொலைக்கிறார். இன்னொருவர் "உலகத்தில் பாதிப் பேருக்கு இருக்கிறதாமே" என்று மாத்திரையைப் பாதியில் விடுகிறார். பெயர் ஒன்றாக இருந்தாலும் இருவர் வயிற்றிலும் இருப்பது ஒரே கிருமி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

1997-இல் இதன் மரபணுத் தொகுதி முழுதும் படிக்கப்பட்டது. சுமார் 16.7 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள், கிட்டத்தட்ட 1,600 மரபணுக்கள். நகலெடுக்கும்போது நேரும் பிழையைத் திருத்தும் ஏற்பாடு இதற்குக் குறைவு. ஒரே இரைப்பையில் இரண்டு வகை சேர்ந்துவிட்டால் டிஎன்ஏ துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும். அதனால்தான் ஒரே பெயரில் இத்தனை வகைகள்.

வகைக்கு வகை மாறும் மரபணுக்களில் அதிகம் பேசப்படுவது காக்-ஏ (cagA). இந்த மரபணு இருக்கும் கிருமியிடம் சுமார் 40,000 எழுத்து நீளத்துக்கு ஒரு தனித் துண்டு இருக்கும். அதிலிருந்து ஊசி போன்ற ஓர் அமைப்பு உருவாகி, காக்-ஏ புரதத்தை இரைப்பைச் செல்லுக்குள் செலுத்துகிறது. கிழக்காசியாவில் காணப்படும் காக்-ஏ, செல்லின் வளர்ச்சிக்கான சைகைகளில் பங்குள்ள எஸ்ஹெச்பி-2 என்ற நொதியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். நச்சுப் புரதம் ஒன்றை உருவாக்கும் வேக்-ஏ (vacA) மரபணுவோ எல்லாக் கிருமியிலும் உண்டு, வகைதான் வேறு. எஸ்1-எம்1 வகை கடும் நச்சு. எஸ்2-எம்2 வகையால் தொல்லை மிகக் குறைவு.

ஆனாலும் காக்-ஏ உள்ள பெரும்பாலானோருக்கு அல்சர் வருவதில்லை. புகை, வலி மாத்திரை, உப்பு, அவரவர் உடல்வாகு எல்லாம் சேர்ந்துதான் நோயைத் தீர்மானிக்கின்றன. அதனால் தனி நோயாளிக்குக் காக்-ஏ பரிசோதனை எடுப்பது வீண் செலவு என்பதே என் உறுதியான கருத்து. அதன் முடிவு எதுவானாலும் மருந்து மாறப்போவதில்லை.

மருந்தை மாற்ற வைப்பது வேறொரு மரபணு மாற்றம். கிருமியின் 23எஸ் ஆர்ஆர்என்ஏ-வில் (புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஒரு பாகம்) 2143-ஆம் இடத்தில் 'ஏ' இருக்கவேண்டிய இடத்தில் 'ஜி' வந்தால், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஒட்ட வேண்டிய இடமே கெட்டுப்போகிறது. ஒரே ஓர் எழுத்துதான்! இன்னொரு ஆன்டிபயாட்டிக்கான லெவோஃப்ளாக்சசினுக்கு இதே கதை கைர்-ஏ மரபணுவின் 87, 91-ஆம் இடங்களில். அமாக்சிசிலினுக்கு எதிர்ப்பு அரிது. கிளாரித்ரோமைசின் எதிர்ப்பு 15 சதவீதத்தைத் தாண்டிய பகுதிகளில் பரிசோதிக்காமல் அந்த மருந்தைத் தொடங்க வேண்டாம் என்கின்றன எச். பைலோரி சிகிச்சைக்கான ஐரோப்பிய மாஸ்ட்ரிக்ட் வழிகாட்டுதல்கள். அங்கே பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துகளை 14 நாள் தரும் சிகிச்சையே நல்லது. முதல் முறை தோற்றவருக்கு அதே கிளாரித்ரோமைசினைத் திரும்ப எழுதுவதைப் பார்த்தால் மனம் ஆறவில்லை.

சிகிச்சை முடிந்து 4 வாரமாவது கழித்து, கிருமி போய்விட்டதா என்று யூரியா மூச்சுப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். அதற்கு முன் 2 வாரம் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை அமிலம் குறைக்கும் மாத்திரைகள் கூடாது (நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்). இல்லையென்றால் கிருமி இருந்தும் 'நெகட்டிவ்' வரும். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பது இதற்கு உதவாது. கிருமி போன பிறகும் அது மாதக்கணக்கில் பாசிட்டிவாகவே காட்டும்.

பயாப்சி எடுப்பதானால் இரைப்பையின் அடிப்பகுதியான ஆன்ட்ரத்தில் மட்டும் எடுத்தால் போதாது. அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கிருமி மேலே, நடுப்பகுதிக்கு நகர்ந்திருக்கும்; அங்கிருந்தும் எடுக்க வேண்டும். யூரியேஸ் கிட்டில் (கிருமி இருந்தால் நிறம் மாறிக் காட்டும் சோதனை) போட்ட அந்தப் பயாப்சித் துணுக்கைத் தூக்கிப் போடும் முன் கேளுங்கள்: கிளாரித்ரோமைசின் எதிர்ப்பைக் கண்டறியும் பிசிஆருக்கு அதே துணுக்கு போதும்.